பார் வெட்டின சைக்கிள்

யாழ்ப்பாணத்தில் ஆம்பிளைச் சைக்கிளைப் பொம்பிளைச் சைக்கிளாக மாற்றிய முதல் ஆள் நான்தான்.

பொய். மாற்றினது பெரியப்பாவும் சைக்கிள் கடைக்காரரும். முதல் ஆள் என்பதும் பொய். எங்களுக்கு முதலே எத்தனையோ பேர் மாற்றியிருப்பார்கள், எங்களைவிட ஒழுங்காக மாற்றி, அதில் ஓடியும் இருப்பார்கள். அந்த வேலையில் என் பங்கு, ஒரு நாள் பின்னேரம் அக்காவின் வெள்ளைப் பள்ளிக்கூடக் கவுன் சட்டையைப் போட்டுக்கொண்டு மானிப்பாய்ச் சந்தியில் நின்றது மட்டும்தான். ஏன் நின்றேன் என்று சொல்லத்தான் இவ்வளவு எழுத்தும்.

ஐம்பதைத் தாண்டி, முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு இருக்கிற என் வயதுக்காரருக்குத்தான் எழுதுகிறேன். இளசுகளுக்குச் சொல்லிப் பயனில்லை. சண்டையும் சாமான் தடையும் வந்து பஸ் ஓடாத காலம், பெற்றோல் இல்லாத காலம், பற்றரி வராத காலம் என்று நான் தொடங்கினால், "ஏன், ஓடர் பண்ணியிருக்கலாமே" என்கிறார்கள். நீங்கள் அப்படிக் கேட்கமாட்டீர்கள். நீங்களும் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டவர்கள். எழுத்துப் பிழை கண்டால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான்.

எங்கள் வீட்டில் ஒரு வருத்தம் இருந்தது. காய்ச்சல், சளி மாதிரி இல்லை, மருந்தில்லாத வருத்தம். பெண்ணுக்கென்று ஒன்றை முதலில் இருந்து செய்ய அங்கே ஒருவருக்கும் தோன்றாது. ஆணுக்குச் செய்ததை எடுத்து, வெட்டி, ஒட்டி, ஓரத்தில் ஒரு பூ வைத்தால் பெண்ணுக்கு ஆகிவிட்டது என்று எல்லாரும் கையைத் துடைத்துக்கொள்வார்கள்.

அக்காவின் பெயரே அப்படி வந்ததுதான். முதற்பிள்ளை பொடியன் என்று சாத்திரி சொல்லிவிட்டார். அப்பாவும் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே பெயரை வைத்துவிட்டார். பிறந்தது அக்கா. புதுப் பெயர் யோசிக்க அப்பாவுக்குப் பஞ்சி. முன்பக்கத்தை அப்படியே விட்டு, பின்பக்கத்தில் இருந்த ராசாவைக் கழற்றிவிட்டு ராணியைப் பூட்டினார். அப்பாவின் பழைய மணிக்கூடு, வாரில் ஆணியால் இன்னொரு ஓட்டை போட்டதும் பெண்பிள்ளை மணிக்கூடு ஆனது. மாமாவின் காற்சட்டைத் துணி பாவாடை ஆனது. பாவாடையின் ஒரு பக்கத்தில், தைத்து மூடின பொக்கற்றின் தடம் சாகும்வரை தெரிந்தது.

என் கதி அதைவிட மோசம். அக்காவுக்குக் கட்டையாகிப்போன வெள்ளைச் சட்டைகளை அம்மா இடுப்போடு வெட்டி எனக்குச் சேட்டாக்குவார். அதாவது ஆணில் இருந்து பெண்ணாக்கி, பெண்ணில் இருந்து திரும்ப ஆணாக்கி, கடைசியில் என்னிடம் வந்து சேரும். எவ்வளவு அயன் பண்ணினாலும் தோளில் இருந்த சுருக்கு மட்டும் போகாது. பள்ளிக்கூடத்தில் நான் கையை உயர்த்தினால் வாத்தியாருக்குச் சிரிப்பு வரும். அதனால்தான் கையை உயர்த்தவில்லை, அதனால்தான் படிப்பு ஏறவில்லை என்று நான் சொல்லித் திரிகிறேன். அம்மா இருந்திருந்தால் அகப்பைக் காம்போடு வந்திருப்பார்.

இந்த வருத்தம் இன்னும் போகவில்லை. போன மாதம் என் மகள் ஒரு ஹெல்மெட் வாங்கி வந்தாள். பெண்களுக்கானதாம். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் ஹெல்மெட்தான், பக்கத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி ஒட்டியிருக்கிறது. கொண்டைக்கு இடமில்லை. தலையில் வைத்தால் புட்டுப்பானை மூடி மாதிரி ஆடுகிறது. இது யாரின் தலையை அளந்து செய்தது என்று கேட்டேன். "அப்பா, சும்மா இருங்கோ" என்றாள். சும்மா இருக்க முடியவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் காலத்துக்கு வருகிறேன்.

அக்கா நல்ல கெட்டிக்காரி. சாதாரண தரம் திறமாகப் பாஸ் பண்ணி, யாழ்ப்பாண ரவுணில் உள்ள பெரிய பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் உயர்தரம் படிக்க இடம் எடுத்துவிட்டாள். அதிபர் அம்மா ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லியிருந்தார். முதல்நாள் மணி அடிக்கும்போது வந்து நிற்காத பிள்ளையின் இடம், வெளியே காத்து நிற்கிற பிள்ளைக்குப் போய்விடும். மானிப்பாயில் இருந்து ரவுணுக்கு அப்போது பஸ் இல்லை. அப்பாவுக்கு வேலை சங்கானைப் பக்கம், நேர் எதிர்த்திசை. ஒவ்வொரு நாளும் அக்காவை ஏற்றி இறக்க ஆளில்லை. அவளாகச் சைக்கிளில் போனால் படிப்பு. போகாவிட்டால் வீட்டில் இருந்து தையல். இதில் மூன்றாவது வழி ஒன்றும் இருக்கவில்லை.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு சைக்கிள். அப்பாவின் கறுத்தச் சைக்கிள். நல்ல உயரம். சீற்றுக்கும் ஹாண்டிலுக்கும் நடுவே நேராக ஒரு பார் போகும், எல்லா ஆம்பிளைச் சைக்கிளிலும் போகிற பார்தான். ஆனால் அது என் இடம். பிறந்ததில் இருந்து நான் பயணம் போனதெல்லாம் அதில் இருந்துதான். அப்பா அதில் ஒரு பழைய துவாயைச் சுற்றிக் கட்டியிருந்தார். துவாயில் வேர்வையும் தேங்காயெண்ணெயும் சேர்ந்த ஒரு மணம். பள்ளம் வந்தால் அப்பா என் தலைக்கு மேலால் "குண்டியைத் தூக்கு" என்பார், தூக்குவேன். மணி அடிக்கிற உத்தியோகம் எனக்கு. உலகத்தில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே உத்தியோகம் அது.

அப்பாவுக்கு அந்தச் சைக்கிள் அளவில்லை. அவர் கட்டை. பெடல் கீழே போகும்போது அவரும் ஒரு பக்கம் சரிந்து கீழே போவார், மற்றப் பெடலுக்கு மற்றப் பக்கம் போவார். பின்னால் இருந்து பார்த்தால் மாட்டு வண்டில் போகிற மாதிரி இருக்கும். அளவாக இருந்தது அக்காவுக்கு. அக்கா நெடுவல். பதினாறு வயதில் அப்பாவைவிட நாலு விரல் உயரம். வீட்டில் அது ஒரு குடும்ப இரகசியம். உயரமான பெட்டைக்கு மாப்பிள்ளை தேடுவது கஷ்டம் என்று, ஆள் வந்தால் அம்மா கண்ணால் காட்டுவார், அக்கா கொஞ்சம் கூனிக்கொண்டு நிற்பாள். அறுப்பு முடிந்த வயலில், அப்பா நித்திரை கொள்கிற நேரம், அவள் அந்தச் சைக்கிளை ஓடிப் பழகியிருந்தாள். எனக்குத் தெரியும். கரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினவன் நான். இரண்டாம் நாளே என்னால் பிடிக்க முடியவில்லை, அவ்வளவு வேகம்.

ஒரு நாள் பொழுதுபடுகிற நேரம். சைக்கிள் கவிழ்ந்து கிடக்க, நான் பெடலைச் சுற்ற, அப்பாவும் பெரியப்பாவும் ரேடியோவுக்குக் காதைக் கொடுத்திருந்தார்கள். பெரியப்பா அப்பாவின் தமையன். இணுவிலில் இருந்து ஒவ்வொரு பின்னேரமும் தன் சைக்கிளில் வருவார், தன் சைக்கிளைத் தவிர வேறு யாரின் சைக்கிளையும் கவிழ்ப்பார். கட்டட வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியராக இருந்து பென்சன் எடுத்தவர். அவர் கட்டின மதவு ஒன்று இன்றைக்கும் இருக்கிறது. தண்ணீர் அதற்குப் பக்கத்தால் போகிறது.

அக்கா வந்து நின்றாள்.

"அப்பா, நான் உந்தச் சைக்கிளிலேயே ரவுணுக்குப் போவன்."

"எந்தச் சைக்கிளிலை?"

"உதிலைதான். தம்பி சுத்திக்கொண்டிருக்கிறதிலை."

"ஆம்பிளைச் சைக்கிளிலை காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டோ? சந்தியிலை நிக்கிற சனம் என்ன கதைக்கும்?"

"ஆனைக்கோட்டைப் பெட்டையள் ஓடீனம்."

"ஆனைக்கோட்டையார் ஓடட்டும். எங்கடை வீட்டிலை உது சரிவராது."

பெரியப்பா தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் எங்கோ ஒரு கட்டடத்துக்குக் கேடு. "நில்லடா தம்பி. இப்ப பார்தானே பிரச்சினை? பாரை வெட்டிவிட்டால் பொம்பிளைச் சைக்கிள். முடிஞ்சுது."

எனக்குக் கை நின்றுவிட்டது. ரேடியோ செத்தது.

"சுத்தடா," என்றார் பெரியப்பா.

"பாரை வெட்டினால் நான் எங்கை இருக்கிறது?"

"கரியரிலை இரு. பெரிய துரை."

அம்மா குசினியில் இருந்து பானைக்குச் சொன்னார், "வெட்டிறவை வெட்டட்டும். பிள்ளையிட்டை ஒருக்கால் என்ன வேணுமெண்டு கேட்டால் வாய் நோகுமோ?" பெரியப்பா முன்னால் அம்மா நேரே கதைப்பதில்லை. வீட்டில் ஒழுங்கான கதை எல்லாம் பானைக்குத்தான் போகும், பானை ஒருவருக்கும் சொல்லாது.

அப்பா ஒரு கேள்விதான் கேட்டார். "அப்ப நான் வேலைக்கு என்னண்டு போறது?"

"நடவன். உடம்புக்கு நல்லது," என்றார் பெரியப்பா.

அப்பா ஓம் என்றார். அதை நான் அப்போது கவனிக்கவில்லை. பாருக்கு அழுவதில் மும்முரமாக இருந்தேன். இப்போது யோசித்தால் தலை வெடிக்கிறது. மகள் படிக்க வேணும் என்று சங்கானைக்கு நடக்க ஒரு நிமிடத்தில் ஓம் சொன்ன மனிதனுக்கு, அவள் அதே சைக்கிளில் அப்படியே போகட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. காலைக் கொடுத்தார், பாரைக் கொடுத்தார், சந்திச் சனத்தின் வாயை மட்டும் கடக்க முடியவில்லை.

அடுத்த நாள் சைக்கிளைக் கடைக்குக் கொண்டுபோனோம். அப்பா, பெரியப்பா, நான். அக்காவைக் கூட்டிப்போகவில்லை. கடை சந்தியில். குமர்ப்பிள்ளையைச் சந்தியில் சைக்கிளில் ஏற்றி வைத்து அளவு பார்க்கிறதா?

சைக்கிள் கடைக்காரர் 'முடியாது' என்ற சொல்லைப் பழகாத மனிதர். சைக்கிளைப் படகாக்கித் தா என்றாலும், துடுப்பு எந்தப் பக்கம் வேணும் என்று கேட்பார். ஆனால் அன்றைக்கு ஒரு நியாயமான கேள்வி கேட்டார். அந்தச் சங்கதி முழுவதிலும் ஒருவர் கேட்ட ஒரே நியாயமான கேள்வி.

"பிள்ளை என்ன உயரம் இருக்கும்?"

கடையில் காற்றடிக்க வந்தவர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். அதில் ஒருவர் சம்பந்தம் பேசுகிறவர். மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை முழுக்க எந்த வீட்டில் எத்தனை குமர், என்ன நிறம், என்ன உயரம் என்று விரல் நுனியில் வைத்திருப்பவர். அவர் ரியூப்பைப் பார்க்கிற மாதிரி காதை எங்கள் பக்கம் வைத்தார்.

அப்பா அவரைக் கண்டார்.

"உயரமோ? உயரம் எண்டு ஒண்டும் இல்லை. அவள் கட்டை."

"அப்பா, அக்கா உங்களை விட..." என்று நான் தொடங்கினேன். பெரியப்பாவின் கை என் வாயைப் பொத்தியது. புகையிலை மணம்.

"உவன்ரை உயரம் இருப்பாளோ?" என்று கடைக்காரர் என்னைக் காட்டினார். எனக்குப் பதினொரு வயது. வயதுக்கும் குள்ளம்.

அப்பா என்னைப் பார்த்தார். சம்பந்தக்காரரைப் பார்த்தார். "ஓம்... உவனைவிட ஒரு சொட்டு."

"அப்ப உவனை வைச்சே அளப்பம். பிள்ளை வரத் தேவையில்லை."

எல்லாருக்கும் பெரிய நிம்மதி. மானமும் தப்பியது, உயரமும் தப்பியது. இப்படித்தான் என் அக்காவுக்கு என் அளவில் ஒரு சைக்கிள் தயாரானது.

பாரை வாளால் அறுத்தார்கள். பல் கூசுகிற சத்தம். அறுந்து விழுந்தபோது, உள்ளே இருந்து குளவி கட்டின மண்கூடு ஒன்று உதிர்ந்தது. இவ்வளவு நாளும் குளவிக்கூட்டின் மேல்தான் இருந்து போயிருக்கிறேன். துவாயோடு பாரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். கனகாலம் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தேன். பிறகு இடம்பெயர்ந்து போய் வந்தபோது, வீட்டில் இல்லாமல் போன சாமான்களோடு அதுவும் போய்விட்டது. யன்னல் போனதற்கு அப்பா கவலைப்பட்டார், நான் பாருக்கு.

பார் இல்லாத சைக்கிள் நெளிந்தது. முன் சில்லு ஆனைக்கோட்டை பார்த்தால் பின் சில்லு சண்டிலிப்பாய் பார்த்தது. பெண்கள் சைக்கிளுக்கு வளைந்த பார் ஒன்று தாழ்வாக வரவேணும் என்று கடைக்காரர் சொன்னார். அப்படிக் குழாய் எங்கே கிடைக்கும்? பெரியப்பாவுக்கு யோசனை வந்தது. எங்கள் வீட்டு இரும்புக் கட்டிலின் தலைமாட்டில் அழகாக வளைந்த குழாய் ஒன்று இருந்தது. அறுத்தார். அது நான் படுக்கிற கட்டில். அன்றில் இருந்து இரவில் என் தலையணை நிலத்திலும் தலை அந்தரத்திலும் கிடந்தன. மண்ணெண்ணெயில் ஓடுகிற ஒரு கரண்ட் என்ஜினைக் கொண்டுவந்து, கண்கூசக் கண்கூச வெல்டிங் பண்ணி ஒட்டினார்கள்.

அதோடு விட்டார்களா? பெரியப்பாவுக்குக் கை துருதுருத்தது. பெண்பிள்ளைச் சைக்கிளுக்குச் செயின் கவர் வேணும். பால்மாப் பேணியை வெட்டித் தட்டி நிமிர்த்தினார். தட்டின பிறகும் அதில் அச்சடித்திருந்த குழந்தை சிரித்தபடி இருந்தது. நிறம் வேணும். கோயில் மதிலுக்கு அடித்து மிஞ்சின காவி கிடைத்தது. மதிலும் சைக்கிளும் ஒரே நிறம், சனம் தொட்டுக் கும்பிடாததுதான் குறை. சட்டை சில்லுக்குள் போகாமல் வலை வேணும். உரப்பை நூலை இழுத்து அம்மா பின்னிக் கொடுத்தார். மணி மட்டும் பழையதுதான் என்று நான் சந்தோஷப்பட்டேன். அதையும் விடவில்லை.

"பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்கு இவ்வளவு சத்தமான மணி?" என்று பெரியப்பா அதைக் கழற்றி உள்ளே சீலைத்துண்டு அடைத்தார். அடித்தால் 'டொக்' என்றது. மரத்தில் இருந்து புளியங்காய் விழுகிற சத்தம்.

கடைசியாகச் சோதனை. சட்டை வலைக்குள் மாட்டுமோ, மாட்டாதோ? கடைக்காரர் வெள்ளந்தியாகக் கேட்டார், "இப்பவெண்டாலும் பிள்ளையை ஒருக்கால் கூப்பிடுவமோ?"

"சந்திக்கோ? விசரே உமக்கு?" என்றார் பெரியப்பா.

பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாட்டன்," என்றேன்.

"அக்கா படிக்க வேணுமெல்லோ?" என்றார் அப்பா.

"படிக்கட்டும். அதுக்கு நான் ஏன் சட்டை போடுறது?"

"ஒரு சுத்து. சந்தியாலை திரும்பி வா. ஆர் பாக்கப் போறான்?" என்றார் பெரியப்பா.

ஆர் பார்த்தார்கள் என்று நான் சொல்கிறேன். என் வகுப்புப் பொடியள் முழுப்பேரும் பார்த்தார்கள். ரியூசன் விட்ட நேரம். அக்காவின் சட்டை எனக்குக் கணுக்கால் வரை. காவி நிறச் சைக்கிளில், பால்மாக் குழந்தை சிரிக்க, டொக் டொக் என்று மணி அடித்துக்கொண்டு ஒரு சுற்று ஓடினேன். ஒருவன் மரியாதையாக வழி விட்டு, "தங்கச்சி, பாத்துப் போங்கோ" என்றான். அவனுக்கு இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது. இப்போதும் சந்தையில் கண்டால், "தங்கச்சி, மீன் என்ன விலை?" என்றுதான் கேட்கிறான்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேணும். அந்தச் சைக்கிள் எனக்கு அளவென்றால் அப்படி ஒரு அளவு. சட்டையும் மாட்டவில்லை. பெரியப்பா கை தட்டினார். "பாத்தியே, மனிசன் யோசிச்சால் எல்லாம் முடியும்." சீற்றை இறுக்குகிற ஆணியின் புரி போய்விட்டது, வேறு ஆணி தடைக்காலத்தில் எங்கும் இல்லை. அதனால் கடைக்காரர் என் உயரத்திலேயே சீற்றை வைத்து ஒட்டிவிட்டார். "இனிச் செத்தாலும் அசையாது," என்று தட்டிக் காட்டினார்.

வீட்டு முற்றத்தில் அக்கா சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஏறி இருந்தாள். முழங்கால் இரண்டும் ஹாண்டிலுக்கு மேலே வந்தன.

"சீற்றை உயர்த்துங்கோ."

"உயர்த்தேலாது. ஒட்டியாச்சு."

"ஆரின்ரை அளவுக்கு ஒட்டினீங்கள்?"

நான் இன்னும் சட்டையைக் கழற்றவில்லை. அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப தம்பியையே ரவுணுக்குப் படிக்க அனுப்புங்கோ," என்றாள்.

நல்லவேளை, அதை ஒருவரும் யோசனையாக எடுக்கவில்லை.

"பழகப் பழகச் சரிவரும் பிள்ளை," என்றார் பெரியப்பா. எது பழகுவது? சைக்கிள் நீளுமா, அவள் சுருங்குவாளா? அப்பா முற்றத்து வாழையைப் பார்த்தபடி நின்றார். அவர் பொய் சொன்ன நாலு விரல், அங்கே எல்லார் கண்ணுக்கும் முன்னால், இரண்டு முழங்காலாகத் தெரிந்தது.

முதல் நாள் வந்தது. அக்கா விடியவே எழும்பிக் குளித்து, புதுச் சட்டை போட்டு, இரட்டைப் பின்னல் கட்டி நின்றாள். துணைக்குப் பெரியப்பா இணுவிலில் இருந்து தன் சைக்கிளில் வந்திருந்தார். நான் அவர் பாரில். அப்பா வேலைக்குப் பிந்திப் போவதாகச் சொல்லிவிட்டு, சந்தி வரைக்கும் வழியனுப்பப் பக்கத்தில் நடந்து வந்தார். அக்கா மெல்ல ஓடினாள். வேகமாக ஓட அதில் வழியில்லை. பெடல் மேலே வரும்போது முழங்கால் ஹாண்டிலில் இடிக்கும். இடிக்காமல் இருக்க இரண்டு காலையும் அகட்ட வேணும். அகட்டினால் சட்டை ஏறும். ஏறின சட்டையை ஒரு கையால் இழுத்தால், மற்றக் கையில் ஹாண்டில் ஆடும். மானம் போகக்கூடாது என்று இவ்வளவு பேர் சேர்ந்து செய்த சைக்கிள், சந்திக்குப் போய்ச் சேர முதலே அவளின் தொடையைச் சந்திக்குக் காட்டிக்கொண்டிருந்தது. தேத்தண்ணிக் கடை வாசலில் நின்றவர்கள் எல்லாரும் திடீரென்று கோப்பைக்குள் ஏதோ விழுந்ததைத் தேடினார்கள். அக்காவின் காது சிவந்துவிட்டது. நிறுத்தவில்லை.

சைக்கிள் கடைக்கு நேர் முன்னால் ஒரு சின்னப் பள்ளம். முன் சில்லு இறங்கியது. 'படக்' என்று ஒரு சத்தம். கட்டில் குழாய் நடுவால் முறிய, சைக்கிள் இரண்டு பாதியாகப் படுத்தது. அக்கா விழவில்லை. கால் இரண்டையும் நிலத்தில் ஊன்றி, கவட்டுக்குள் ஒன்றும் இல்லாமல், றோட்டு நடுவில் நின்றாள். ஊன்றக் கால் நீளமாக இருந்தது.

பெரியப்பா குதித்து இறங்கி, தன் சைக்கிளை என் கையில் தந்தார். "பிடி." கடைக்காரர் ஓடி வந்தார். இரண்டு பேரும் குந்தியிருந்து பாதிகளை ஆராய்ந்தார்கள்.

"ஒட்டு விடேல்லை ஐயா. பாருங்கோ, என்ரை ஒட்டு அப்பிடியே கிடக்கு. விட்டது உங்கடை குழாய்."

"இருபது வரிசமாய்க் கட்டிலிலை நிண்ட குழாய் ஐசே."

"கட்டில் ரவுணுக்குப் போறேல்லைத்தானே ஐயா?"

காற்றடிக்க வந்தவர்கள் கூடினார்கள். சம்பந்தக்காரரும் வந்தார். குழாயின் பிழையா, ஒட்டின் பிழையா, பள்ளத்தின் பிழையா என்று மூன்று கட்சி பிரிந்தது.

"அப்பா, மணி அடிக்கப்போகுது," என்றாள் அக்கா.

அப்பா கேட்டாரோ தெரியாது. சீலைத்துண்டு அடைத்த மணியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்பா, மணி அடிச்சால் என்ரை இடம் போயிடும்."

"பொறு பிள்ளை, பெரியாக்கள் கதைக்கிறம்," என்றார் பெரியப்பா, குழாயில் இருந்து கண்ணை எடுக்காமல். "இதுக்கு உள்ளுக்கு ஒரு கம்பி விட்டு ஒட்டினால் பின்னேரம் ஓடலாம்."

அக்கா என்னிடம் வந்தாள். புத்தகப் பையைப் பெரியப்பாவின் கரியரில் வைத்துக் கிளிப்பை இறுக்கினாள்.

"விடு தம்பி."

"பெரியப்பா பேசுவார்."

"பேசட்டும். விடு."

விட்டேன். அவள் சட்டையின் முன்பக்கத்தைச் சுருட்டிப் பிடித்து, காலைத் தூக்கிப் பாருக்கு மேலால் போட்டாள். ஒரு தள்ளு. பெடல் கீழே போனபோது அவள் எந்தப் பக்கமும் சரியவில்லை. முதுகு நேராக இருந்தது. ஆள் வந்தால் கூனி நிற்கப் பழக்கின முதுகு, அவ்வளவு ஆள் நிற்கிற சந்தியில் முதல் தரம் முழு நீளத்துக்கு நிமிர்ந்தது. சட்டை முழங்காலில் அடங்கி இருந்தது. பெரியப்பாவின் மணியில் யாரும் சீலை அடைக்கவில்லை. ஒரு அடி அடித்தாள், கூட்டம் இரண்டாகப் பிரிந்தது.

பெரியப்பா அப்போதுதான் நிமிர்ந்தார். "எடி பிள்ளை, என்ரை சைக்கிள். எடியேய்..." சாரத்தை மடித்துக்கொண்டு ஓட வெளிக்கிட்டார். அப்பா அவர் கையைப் பிடித்தார். அப்பா தன் தமையனை அப்படிப் பிடித்ததை நான் அதற்கு முதல் கண்டதில்லை.

"விடண்ணை."

"என்னடா விடு? சந்தியே பாத்துக்கொண்டு நிக்குது."

"பாக்கட்டும்." அப்பா ஆனைக்கோட்டைப் பக்கம் போகிற முதுகைப் பார்த்துக்கொண்டே, சம்பந்தக்காரருக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார். "என்ரை பிள்ளை நல்ல உயரம். உது அவளுக்குச் சரியாய்த்தான் கிடக்கு."

மணி அடிக்க முதல் போய்ச் சேர்ந்தாள். வரிசையில் கடைசி ஆளாக நின்றாளாம், ஆனால் நின்றாள். அது பின்னேரம் அவள் வந்து சொல்லித்தான் தெரியும். நாங்கள் அந்த நேரம் இரண்டு பாதியோடு சந்தியில் நின்றோம். முன் பாதியைப் பெரியப்பா தூக்க, பின் பாதியை அப்பா என் தோளில் வைத்தார். வீட்டுப் படலை வரைக்கும்கூட வந்திருக்க மாட்டோம், கடைக்காரர் பின்னால் ஓடி வந்து, "ஐயா, ஒரு யோசினை. உதை இப்பிடியே ஒட்டினால் குழந்தைப்பிள்ளைச் சைக்கிளாய்..." என்றார். பெரியப்பா நின்றார். தொண்டையைச் செருமினார். திரும்பி என்னைப் பார்த்து...

இதை எழுதிக்கொண்டிருக்க, வெளியே ஸ்கூட்டர் ஹோர்ன் அடிக்கிறது. அக்கா.

"டேய், இண்டைக்குப் பெரியப்பாவின்ரை திவசம் எண்டு நேற்றே சொன்னனான். வாழையிலை வெட்டினியோ?"

வெட்டவில்லை.

"குளிச்சியோ?"

போகிறேன்.